மாப்பு கேட்கப் போன வீடுகள்

11 டிசம்பர் 2024, புதன்

குல்சுமுக்கு இன்று மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாகிவிட்டது. பிப்ரவரியில் மக்காவுக்கு உம்ரா போக, குவைத்தில் இருக்கும் மகன் நிஜாமுதீன் எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டிருக்கிறான். முத்திரை குத்திய ஊசி அட்டையைப் பையில் வைக்காமல் கோட்டக்குப்பம் வீடு வரை கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள் என் பெண்டாட்டி. "இனிமே எனக்கு ஒண்ணும் வராதுல்லங்க?" என்றாள். வராது என்றேன்.

பொய். நிணநீர்ப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் டாக்டர் போன வாரமே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அந்த மருந்து, நோயோடு சேர்த்து எதிர்ப்பு சக்தியை உண்டாக்கும் அணுக்களையும் அழித்துவிடுமாம். ஊசி போட்டால் அட்டை கிடைக்கும், பாதுகாப்பு கிடைக்குமென்று நம்ப முடியாது. பயணம் ஆறு மாதம் போகட்டும், கூட்டத்தில் விடாதீர்கள், வீட்டில் இருப்பவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

முடி கொட்டிய பிறகு அவள் சிரித்தது இன்றுதான். எந்த வாயால் சொல்ல? இன்னும் நாள் இருக்கிறது.

15 டிசம்பர்

சொல்லவில்லை.

19 டிசம்பர்

பயணம் கிளம்புமுன் சொந்தபந்தம் எல்லாரிடமும், செய்த தப்பையெல்லாம் மன்னிக்கச் சொல்லி மாப்பு கேட்டுவிட வேண்டுமென்று ஆரம்பித்துவிட்டாள். மூன்று நாளாக அலைச்சல். திண்டிவனத்தில் நாலு வீடு, விழுப்புரத்தில் மூன்று. எல்லா வீட்டிலும் கட்டிப்பிடித்து அழுகை, அப்புறம் பிரியாணி.

மகள் ரிஸ்வானா மாஸ்க் கொடுத்தாள். "மூஞ்சிய மூடிக்கினா மாப்பு கேப்பாங்க? அதான் ஊசி போட்டுக்கினேனேடி!" என்று குல்சும் தள்ளிவிட்டாள். விழுப்புரத்தில் ஒரு குழந்தை மூக்கொழுக அவள் மடியில் ஏறிக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சவுதியில், தம்மாமில் இருபத்தெட்டு வருஷம் ஒரு ஆணி தொலையாமல் ஸ்டோர் பார்த்தவன் நான்!

22 டிசம்பர்

இருமுகிறாள்.

23 டிசம்பர்

காய்ச்சல் நூற்றி மூன்று. ஜல்தி ஜல்தி என்று ஆட்டோவை விரட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நிமோனியா. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

"உங்ககிட்ட சொன்னேனே பாய்?" என்றார் டாக்டர். பக்கத்தில் நின்ற ரிஸ்வானா திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம்.

யா அல்லா, என்ன காரியம் பண்ணிட்டேன். அவள் சந்தோஷத்துக்காகத்தான் மறைத்தேனா — இல்லை, அவள் அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லாமலா?

2 ஜனவரி 2025

நேற்று ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். இன்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"ஏழு வீட்டுக்குப் போனேன். தெரிஞ்சிருந்தா ஒரே ஒரு வீட்டுக்குத்தான் போயிருப்பேன்" என்றாள்.

எந்த வீடு என்று கேட்டேன்.

"அத இப்ப எதுக்குக் கேக்குறீங்க?"

மாப்பு கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

9 ஜனவரி

வீட்டுக்கு வந்துவிட்டாள். நான், ரிஸ்வானா, மருமகன், பேத்தி நாலு பேரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டோம். ஒரு மாதம் தாமதம். ஊசி போட்ட கையை விட வேறெங்கோ வலிக்கிறது.

16 ஜனவரி, வியாழன்

டாக்டர் கூப்பிட்டதும் வழக்கம்போல் நான் எழுந்தேன். "நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு குல்சும் தனியாக உள்ளே போனாள். இருபது நிமிஷம்.

வெளியே வந்தவள் நேரே ஆட்டோவைக் கூப்பிட்டாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை? முத்தியால்பேட்டை தாண்டி வீடு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அந்த அணு ஒண்ணுகூட திரும்பலியாம். இந்த வருஷம் வேணாம்னு நானே சொல்லிட்டு வந்தேன். நிஜாமு கிட்ட நான் பேசிக்கிறேன்."

உள்ளே போய் போன் போட்டாள். அவன் அங்கிருந்து கத்துவது வாசல்வரை கேட்டது. ஏன் முன்னாடியே யாரும் சொல்லலன்னு கேட்கிறான்.

"டாக்டர் மொதல்லயே சொன்னாருப்பா" என்றாள் குல்சும். "நான்தான் கேக்காம ஊரச் சுத்திக்கினு இருந்தேன்."