ஏழாம் சாவடியும் எங்கள் வாசல்படியும்

ஜூலை 6, ஞாயிறு

மழை. பேத்தி கௌசிகா டிவியில் 'ஏழாம் சாவடி' என்று ஒரு தொடர் போட்டாள். இரண்டாம் சீசனாம். குண்டு வைக்க வருகிறவர்களைத் தேடிப் பிடிக்கிற போலீஸ் கதை. இந்தியில் எடுத்ததைத் தமிழில் பேச வைத்திருக்கிறார்கள். வாய் ஒரு பக்கம் போகிறது, பேச்சு ஒரு பக்கம் வருகிறது. அது கிடக்கட்டும். அன்னாள் என்று ஒரு பெண் போலீஸ். கத்துவதில்லை, வீரவசனம் இல்லை. கூட்டத்துக்குள் சும்மா நின்று பார்க்கிறாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் பேத்தியும் அப்படித்தான் நிற்பாள். கேரள பி.எஸ்.சி தேர்வு எழுதி, ஓட்டம், தாண்டல் எல்லாம் ஜெயித்து, போலீஸ் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. ஆகஸ்ட் நாலாம் தேதி திருச்சூரில் பயிற்சிக்குச் சேரவேண்டும். அவள் அப்பன் தங்கதுரை விடமாட்டேன் என்கிறான். நான் பெற்ற மகன், என்ன செய்ய?

ஜூலை 9

தங்கதுரை டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். "ஊட்டுக்குள்ள எந்நேரமும் குண்டுச் சத்தம்!" என்று ஒரு முனகல். அன்னாள் ரயிலில் ஒவ்வொரு பையாகப் பார்த்துக்கொண்டே போகும்போது ரசம் கேட்க மறந்துவிட்டான். மருமகள் வனிதா என்னைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஜூலை 13

சண்டை. கௌசிகா வண்டிச் சாவியை எடுத்தாள். "எங்க போறே?" என்றான் தங்கதுரை. கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் போன காரியம் ஆகாது. 'தூரமா?' என்று கேட்பதுதான் நம் வழக்கம். என் வீட்டுக்காரர் இருந்தவரை இதற்காக இவனைத் திட்டினார். திருந்தவில்லை.

"ஓடிப் பழகோணுமுங்கப்பா. கிரவுண்டுக்கு."

"ஆவணி பொறந்ததும் கொல்லங்கோட்டுக்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்க. இனி என்ன ஓட்டம்? நீ எங்க நிக்கறே, எவன் முன்னால நிக்கறேன்னு தெரியாம நா எப்படிச் சோறு திங்கறது?"

அவள் சாவியை ஆணியிலேயே மாட்டிவிட்டாள். அஞ்சாவதோட என்னைய நிறுத்துனாங்க. இப்ப இவளையுமா?

ஜூலை 14

அவனுக்குக் கோபமில்லை. பயம். நேற்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஆறாம் பாகம். இதை எழுதி வைக்கவேண்டும்.

அன்னாளின் அப்பா தினமும் வாசல் கேட் அருகில் நின்று எங்கே போகிறாய் என்று கேட்பார். அவள் வேலை ரகசியம். அன்று 'பஸ் ஸ்டாண்டுக்கு' என்று வாய்க்கு வந்த ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போகிறாள். கொஞ்ச நேரத்தில், பஸ் ஸ்டாண்டில் குண்டு என்று செய்தி வருகிறது. அந்த மனுசன் செருப்புக்கூடப் போடாமல் ஓடுகிறார். பாட்டில்லை, மேளமில்லை. அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்கிறது. எடுத்தவன் கெட்டிக்காரன். குண்டைவிட அந்த மூச்சுக்குத்தான் நான் பயந்தேன்.

தங்கதுரை எப்போது திரும்பி உட்கார்ந்தானோ! சோற்றுக் கை காய்ந்து கிடந்தது.

"ஏம்மா, அந்தாளு கேக்காம உட்டிருந்தா அவ பொய் சொல்லியிருக்க மாட்டா, இல்ல?"

நான் ரசத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். பதில் சொன்னால் கெட்டுவிடும்.

ஜூலை 24, ஆடி அமாவாசை

ஏழாம் பாகத்தில் வில்லன் கதவைத் தட்டுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தங்கதுரை கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டு மலையாளத்தில் "அவசரம், அவசரம்" என்றான். என்ன அவசரம் என்று அவர்கள் கேட்டிருப்பார்கள் போல. சட்டென்று போனை வைத்துவிட்டான்!

ஜூலை 27, ஞாயிறு

கடைசிப் பாகம். மோட்டார் ரிப்பேர் என்று ஒரு சாக்குச் சொல்லித் தோட்டத்திலிருந்து சீக்கிரமே வந்துவிட்டான். அன்னாள் ஜெயித்தாள். அதைப் பெரிதாகக் காட்டவே இல்லை. வீட்டுக்கு வருகிறாள். அப்பா ஒன்றும் கேட்காமல் சொம்பில் தண்ணீர் கொடுக்கிறார். குடிக்கிறாள். அவ்வளவுதான். இப்படி முடிக்கவும் ஒரு தைரியம் வேண்டும்.

தங்கதுரை எழுந்து வெளியே போய்விட்டான். சாவி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது — எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் உள்ளே வந்து அதை எடுத்துக்கொண்டு போய் மகள் கையில் கொடுக்கிறான்! "பழகறத உட்டுப்போட்டா அங்க போயி மூச்சு வாங்கும்" என்கிறான்.

ஜூலை 29

கொல்லங்கோட்டுக்குப் போன் பேசினான். "பயிற்சி முடியட்டுமுங்க, அப்புறம் பேசலாம். புள்ள போலீசுங்க." அந்தக் கடைசிச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான். என் ரத்தமல்லவா.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

கௌசிகா பெட்டியோடு வாசல்படி தாண்டினாள். தங்கதுரை வாயைத் திறந்தான். எங்கே என்று கேட்டுவிடப் போகிறான் என்று நினைத்தேன்.

"தூரமா, கண்ணு?"

"பக்கந்தானுங்கப்பா."

வண்டியில் கூட்டிப்போய்க் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏற்றிவிட்டு வந்தான். சாயந்திரம் டிவிக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"மொதல் பாகத்துல இருந்து போடும்மா. நா சரியாப் பாக்கல."

ரிமோட்டில் எதை அமுக்க வேண்டுமென்று கௌசிகா எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.