உன் பெயரில் கிடந்த நினைவகத் துண்டுகள்

இன்று காலை திரையில் உன் பெயரைக் கண்டேன். ஒரு தரமல்ல, நாற்பது தரத்துக்கு மேல். நீ இறந்துபோனதால் உன் பயனர் கணக்கை அழிக்கும்படி மேலாளர் சொல்லியிருந்தார். அதற்கு முன்னர், உன் பெயரில் எஞ்சிய பகிர்வு நினைவகமும் செமபோர் எனும் சிக்னல்களும் இருக்கின்றனவா என்று பார்த்தேன். அவற்றை உன் மகளுக்கு நீ விளங்கப்படுத்தியது ஞாபகம் வந்தது: "ரெண்டு புரோகிராம் சேர்ந்து பாவிக்கிற மேசை ஒண்டு. ஆர் இப்ப கை வைக்கலாம் எண்டு சொல்ல ஒரு சிக்னல். வேலை முடிஞ்சால் துடைக்கவேணும். துடைக்காட்டி அப்பிடியே கிடக்கும்."

ஒவ்வொரு துண்டும் காலை ஆறு மணிக்கு உருவானது. நீ ஆஸ்பத்திரியில் படுத்த நாளில் தொடங்கி இன்று வரை, நாளுக்கு ஒன்று. எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாரோ உன் கடவுச்சொல்லைப் பாவிக்கிறார்கள். அல்லது போகும்போது நீயே ஏதோ வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் யாரையும் லேசில் நம்பாதவன், உனக்குத் தெரியாததா.

உன்னையும் நம்பவில்லை. வெள்ளவத்தையில் இருக்கும் நான் எட்டரைக்கு நடந்து வர, கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் பிடித்து ஏழு மணிக்கே வந்து நிற்பாய். "ஏன்டாப்பா இவ்வளவு வெள்ளன?" என்றால், "வீட்டில சத்தம், மச்சான்" என்பாய். உன் வீட்டில் என்ன சத்தம்? ஒருநாள் நம் ஆய்வுகூடத்தின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் வராமல் நின்றபோது கணினியின் பதிவேட்டைப் பார்த்தேன். தினமும் ஏழு மணிக்கு நீ நினைவகத்தை அழிப்பது தெரிந்தது. என் வேலையைக் கெடுக்கிறாய் என்று மேலாளரிடம் போய்ச் சொன்னேன்.

விசாரணை முடிந்து வெளியே வந்து என் மேசையருகே நின்றாய். "ஆரோ என்னில கோள் சொல்லியிருக்கினம்."

"ஆரெண்டு தெரியேல்லையோ?" என்று கேட்டேன், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"இல்லை மச்சான்," என்றாய். பிறகு இருவருக்கும் தேத்தண்ணி வாங்கி வந்தாய்.

இன்று அந்தத் துண்டுகளை உருவாக்கிய புரோகிராமைத் தேடிப் பிடித்தேன். என்னுடையது. அறிக்கை தயாரிக்க நான் எழுதியது. என் கணக்குக்கு அனுமதி கிடைக்காதபோது, "என்ர பேரில ஓடவிடு" என்று கடவுச்சொல்லைத் தந்தவன் நீ. ஓடவிட்டுவிட்டு மறந்துபோனேன். வேலை முடிந்தால் துடைக்கவேண்டும் என்பதை நான் எழுதவேயில்லை. அன்று அறிக்கைகள் நின்றதும் அந்தப் புரோகிராம் இடையில் விழுந்ததால்தான். நாளடைவில் குப்பை நிரம்பி அறிக்கைகள் நின்றுபோகாமல், தினமும் நீ கையால் துடைத்திருக்கிறாய். விசாரணைக்குப் பிறகும் துடைத்திருக்கிறாய்.

மேலாளரிடம் போனேன். "சேர், அண்டைக்குப் பிழை அவனில இல்லை. என்னில."

அவர் தலை நிமிரவில்லை. "எனக்குத் தெரியும். அவர் அப்பவே காட்டினவர். நீர்தான் முறைப்பாடு தந்தனீர் எண்டும் அவருக்குச் சொன்னனான். உம்மட்ட ஒண்டும் கேக்கவேண்டாம், தானே வந்து சொல்லுவான் எண்டவர்."

துண்டுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தேன், அவ்வளவுதான் தேவைப்பட்டது. உன் கணக்கையும் அழித்தாயிற்று. என் மேசையருகே தெரிந்துகொண்டே நின்றாய், நான் சொல்வேன் என்று. "ஆரெண்டு தெரியேல்லையோ?" என்று உன்னிடம் கேட்டது நான்தான். அந்தக் கேள்வி என்னோடுதான் இருக்கிறது.