மங்கு படர்ந்த முகம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு வாடிக்கையாளர் நான் கலந்து கொடுத்த பெயின்ட் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் டொம்மென்று வைத்தார். "நீங்க காட்டின கலர் வேற, செவுத்துல வந்திருக்கிற கலர் வேற." இந்தக் கடையில் நிறம் கலக்க உட்கார்ந்த நாளிலிருந்து கேட்கும் பாட்டு இது. நானும் என் பாட்டைப் பாடினேன். "கடை லைட்ல பாத்து முடிவு பண்ணாதீங்க சார். கார்டை எடுத்துக்கிட்டு தெருவுக்குப் போங்க, பகல் வெளிச்சத்துல பாருங்க." அவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

கூட வந்த அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அல்ல, என் கன்னத்தை. "இது மங்குதானே? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தவங்களுக்கு இருந்துச்சு. பாவம், அவங்களுக்குக் கடைசி வரைக்கும்..." என்று இழுத்தார். கடைசி வரைக்கும் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

மதியம் ஆளில்லாதபோது பழுப்பு நிற ஷேட் கார்டை எடுத்து முகத்தோடு வைத்துப் பார்த்தேன். எண் ஏற ஏற நிறம் அடர்த்தி. நெற்றியும் நாடியும் நான்காம் எண். இரண்டு கன்ன எலும்பின் மேலும் ஏழு. மேலுதட்டுக்கு மேலே ஆறு. ஒரே முகத்தில் மூன்று நிறம். இப்படி ஒரு சுவருக்கு நான் பெயின்ட் கலந்து கொடுத்திருந்தால் முதலாளி என் சீட்டைக் கிழித்திருப்பார்.

ஒன்றை எழுதி வைக்க வேண்டும். கருப்பாக இருப்பதில் எனக்கு என்றைக்குமே குறை இருந்ததில்லை. வெளுக்க ஆசையும் இல்லை. என் கருப்பு எனக்கு ஒரே சீராக வேண்டும், அவ்வளவுதான். இது பேராசையா?

மார்ச் 5, வியாழன்

எலுமிச்சம்பழம். அண்ணி சொன்ன வைத்தியம். "நல்லா தேச்சு ஊற வை, பளிச்சுனு ஆயிடும்." எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

எலுமிச்சை எரித்த இடம் எட்டாம் எண்ணுக்குப் போய்விட்டது.

காலையில் மகள் என் முகத்தை உற்றுப் பார்த்து, "அம்மா, உனக்கு மீசை வந்திருக்கு" என்று சிரித்தாள். பன்னிரண்டு வயது. கேலிக்கு அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். இவர் அவளை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார். அடுப்படியிலிருந்து வாசலுக்குக்கூட ஓடித்தான் போவாள், பள்ளியிலும் ஓட்டக்காரி. நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 14, சனி

பார்லர் அக்கா ஒரு வெள்ளை டப்பா கொடுத்தாள். பேரும் இல்லை, லேபிளும் இல்லை. "நானே கலக்கறது. மூணு கிரீம் சேரும். என்னன்னு கேக்காத, பூசு."

கடையில் லேபிள் இல்லாத டப்பாவை நான் திறக்கக்கூட மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு சொட்டு நிறம் விடமாட்டேன். என் முகம் என்று வந்ததும் மூளை லீவு போட்டுவிட்டது. வாங்கி வந்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

ஐந்து! ஏழும் எட்டுமாக இருந்தது ஐந்துக்கு வந்துவிட்டது. மூன்று தடவை கார்டை வைத்துப் பார்த்தேன். ஐந்தேதான்.

பார்லர் அக்கா வாயில் சர்க்கரையைக் கொட்ட வேண்டும். இன்று பெயின்ட் கலக்கும்போது பாடினேனாம். முதலாளி, "என்னம்மா, லாட்டரி விழுந்துச்சா?" என்றார். அவரும் நல்ல குஷியில் இருக்கிறார். கடைக்குப் புது விளக்குகள் மாட்டியிருக்கிறார், வெள்ளை வெளேரென்று. பழைய மஞ்சள் விளக்குகள் எல்லாம் போய்விட்டன. கடையே புதிதாகத் தெரிகிறது.

ஏப்ரல் 25, சனி

பள்ளி விளையாட்டு விழா. நானூறு மீட்டரில் எக்ஸ்பிரஸ் முதலாவது. எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. இவர் எங்கள் இரண்டு பேரையும் வெயிலில் நிறுத்திப் போனில் படம் எடுத்தார்.

வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைப் பார்த்தேன்.

யார் இது? கன்னத்தில் கருப்புத் திட்டு அப்படியே இருக்கிறது, ஓரமெல்லாம் படர்ந்திருக்கிறது. அதைச் சுற்றிச் செந்தழல் மாதிரி சிவப்பு. தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே நரம்பு தெரிகிறது. பக்கத்தில் என் மகள், பதக்கத்தோடு, அவ்வளவு அழகாக.

இவரிடம் கேட்டேன், "இப்படி இருக்குன்னு ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்தே. நான் எதுக்கு வாயக் குடுக்கணும்னு விட்டுட்டேன்."

ஏப்ரல் 27, திங்கள்

கடைக்குப் போனதும் கார்டையும் கைக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனேன். பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். எட்டு. சில இடத்தில் ஒன்பது.

புது விளக்கு. எல்லாம் அந்த விளக்கு. முதலில் கிரீம் கொஞ்சம் குறைத்திருக்கலாம், மீதி அந்த வெள்ளை வெளிச்சம் காட்டிய வித்தை. ஒரு நாளைக்கு இருபது பேரிடம் தெருவில் போய்ப் பாருங்கள் என்று சொல்கிறவள், தன் முகத்தை ஒரு தடவையாவது தெருவில் பார்த்தாளா? பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை.

மே 4, திங்கள்

கிரீமை நிறுத்தினேன். முகம் பற்றி எரிகிறது. பொடிப்பொடியாகப் பொரிந்திருக்கிறது. தண்ணீர் பட்டால் எரிகிறது, காற்றுப் பட்டால் எரிகிறது. தெரிந்தவர்களைப் பார்த்தால் அதைவிட எரிகிறது.

மே 9, சனி

தோல் டாக்டர் ஒரு பெண். என்னைவிட ஓர் எண் கூடுதல் கருப்பு. எனக்கு அதுவே பாதி ஆறுதல். டப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

"இதுல ஸ்டிராய்டு இருக்கும். முகம் இதுக்குப் பழகிடுச்சு, நிறுத்தினதும் சண்டை போடுது. அதுக்கு முன்னாடி எதுவும் தேச்சீங்களா?"

"எலுமிச்ச."

அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். "நம்ம மாதிரி தோலுக்கு ஞாபகசக்தி ஜாஸ்திம்மா. ஒரு முகப்பருவைக் கிள்ளினாக்கூட மாசக்கணக்குல மறக்காது. தேய்க்கத் தேய்க்கக் கருக்கும். தயவுசெஞ்சு முகத்த சும்மா விடுங்க."

மருந்து எழுதினார். சன்ஸ்கிரீனைத் தினமும் பூச வேண்டும், வீட்டில் ஜன்னல் ஓரம் இருந்தாலும் பூச வேண்டும். வெளியே போனால் தொப்பி. அடுப்புச் சூடும் ஆகாது.

"போயிடுமா டாக்டர்?"

"குறையும். ஒரேயடியா போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். கவனிக்கலன்னா திரும்ப வரும். அதுக்காக வாழறத நிறுத்திடாதீங்க, பூசிக்கிட்டு வெளிய போங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் காதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். திரும்ப வரும்.

மே 11, திங்கள்

நிறம் கலந்த சன்ஸ்கிரீன்தான் மங்குக்கு நல்லது என்று சொல்லியிருந்தார். மருந்துக்கடையில் மூன்று நிறம் இருந்தது. இருப்பதிலேயே அடர்த்தியானது என் கார்டில் இரண்டாம் எண். எங்களை மாதிரி ஆட்களுக்கு வெயிலே அடிக்காது என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. பூசிக்கொண்டு பிரைமர் அடித்த சுவர் மாதிரி சாம்பல் பூத்து நின்றேன். இவர் சிரிப்பை அடக்க இருமினார். நிறமில்லாததையே பூசிக்கொள்கிறேன்.

ஜூன் 6, சனி

ஜன்னல்களுக்கு எல்லாம் கனமான திரை போட்டாயிற்று. இவர், "சினிமா தியேட்டர் மாதிரி இருக்கு, டிக்கெட் எங்க?" என்றார். நான் சிரிக்கவில்லை. கடையில் என் மேஜையை வாசலிலிருந்து உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டேன். தெருவில் போனால் துப்பட்டாவால் கண் மட்டும் தெரியச் சுற்றிக்கொள்கிறேன்.

இன்று எக்ஸ்பிரஸுக்கு வேறு பள்ளியில் பந்தயம். "அம்மா வரலயா?" என்று கேட்டாள்.

"அங்க ஒரு பொட்டு நிழல் கெடையாதுடி."

"சரிம்மா." வாசலில் வைத்து அவளுக்கும் சன்ஸ்கிரீன் பூசிவிட்டேன், அவள் மூக்கைச் சுளிக்கச் சுளிக்க. தினமும் சொல்வதை இன்றும் சொன்னேன். தொப்பியக் கழட்டாத, உச்சி வெயில்ல நிக்காத, அப்புறம் என்ன மாதிரி அவதிப்படுவ.

இரண்டாவதாக வந்தாளாம். இவர் சொன்னார்.

ஜூன் 21, ஞாயிறு

இன்று யாருக்கும் என் முகத்தைக் காட்டவில்லை. நல்ல நாள்.

ஜூலை 2, வியாழன்

விளையாட்டு டீச்சர் போன் செய்தாள். "உங்க பொண்ணுக்குக் கால்ல ஏதாவது அடியா? கொஞ்ச நாளா பயிற்சிக்கே வரலையே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் பயிற்சி முடிந்து வருகிற நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருகிறாள்.

வந்ததும் கேட்டேன். லைப்ரரியில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறாளாம். ஏண்டி என்றேன். ஷூவின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பவும் கேட்டேன்.

"வெயில்ல ஓடினா உன்ன மாதிரி ஆயிடும்மா."

கோபமில்லை, குத்தலும் இல்லை. கணக்குக்கு விடை சொல்வதுபோலச் சொன்னாள்.

"யாருடி சொன்னா உனக்கு?"

"நீதான். தெனம் சொல்றியே."

ஆனால்தான் என்ன, மங்கு வந்தால் செத்தா போய்விடுவோம் என்று நான் கத்தினேன். இத்தனை மாதம் செத்துக்கொண்டிருந்தவள் கத்துகிறேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் மூஞ்சி எனக்கு பயமில்லம்மா. நீ பாத்ரூம்ல தண்ணியத் தெறந்து விட்டுட்டு அழறது கேக்குது. அதான் பயம்."

ஜூலை 3, வெள்ளி

என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான். என் பொண்ண நானே உக்கார வெச்சிட்டேன். என் மூஞ்சிக்கு என்ன வந்தா என்ன — அது கரியாப் போகட்டும் — அவ கால எதுக்குடி கட்டின? எவளாவது வந்து என் கன்னத்துல நாலு அறை விட்டா தேவல.

கடையில் ஒரு டப்பாவில் நிறத்தை மாற்றி விட்டுவிட்டேன். வெள்ளை கேட்டவருக்குச் சாம்பல். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

ஜூலை 12, ஞாயிறு

எல்லாரும் சொல்லிப் பார்த்தாயிற்று. இவர் மடியில் உட்கார வைத்துச் சொன்னார். டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னாள். தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "உனக்கு ஒண்ணும் ஆகாதுடா கண்ணு, பூசிக்கிட்டு ஜாலியா ஓடு" என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள். போகிறாளா என்றால் இல்லை. சாயங்காலம் திரையை மூடிவிட்டு உட்கார்ந்து படம் வரைகிறாள். அந்தத் திரையைக் கழற்றப் போனேன். "வேணாம்மா, உனக்கு ஆகாது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுப்படிக்கு இப்போது நடந்து போகிறாள். கவனித்தேன்.

ஜூலை 19, ஞாயிறு

மங்கு குறைந்திருக்கிறது. எரிச்சல் நின்று, கன்னம் ஆறாம் எண்ணுக்கு வந்திருக்கிறது. தெருவில் நின்று பார்த்தேன், ஏமாற்று இல்லை. மார்ச்சில் இப்படி வந்திருந்தால் கடை முழுக்க மிட்டாய் கொடுத்திருப்பேன். இன்று கார்டை மூடி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஜூலை 25, சனி

பள்ளி அணிக்கு ஆள் எடுக்கும் ஓட்டம். டீச்சர் அவள் பெயரை அடிக்காமல் வைத்திருந்தாள். "சும்மா கூட்டிட்டு வாங்க, மத்தவங்க ஓடறதப் பாத்தா ஓடிடுவா" என்றாள்.

துப்பட்டாவைச் சுற்றவில்லை. சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு வெறும் முகத்தோடு போனேன். மைதானத்தில் மருந்துக்கும் நிழல் இல்லை. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இங்க பாரு, நான் இங்கயேதான் நிக்கப் போறேன், வெயில்ல. எனக்கு ஒண்ணும் ஆகாது, உனக்கும் ஒண்ணும் ஆகாது. நீ ஓடு."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஷூவை மாட்டிக்கொண்டாள். மற்றப் பெண்களோடு போய் வரிசையில் நின்றாள். கையைத் தூக்கி ஆட்டினேன்.

அவள் வரிசையை விட்டு வெளியே வந்தாள். ஓடினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த ஓட்டத்தைப் பார்த்தேன், அதே கால்கள், அதே வேகம். டீச்சர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய் யாரிடமோ ஒரு பெரிய குடையை வாங்கிக்கொண்டு அதே வேகத்தில் என்னிடம் வந்தாள். விரித்து என் தலைக்கு மேலே பிடித்தாள்.

"போடி, உன்னக் கூப்பிடறாங்க."

"நீ வெயில்ல நின்னுட்டு அப்புறம் வீட்டுக்கு வந்து அழுவ."

"சத்தியமா அழமாட்டேன்டி, போ." சொல்லி முடிக்கும் முன் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தியா" என்றாள்.

விசில் ஊதினார்கள். பெண்கள் ஓடும் சத்தம் எங்களைத் தாண்டிப் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குடையை என் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள்.