வாறன் என்று சொல்லிவிட்டுப் போனவள்

மிச்சம்
3.3.2025

அன்பான டொலறஸ்,

நீயும் உன் முழங்காலும் சுகமாயிருக்க வேண்டும் என்று முருகனைக் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இதுவே பெரிசு.

நீ ஈஸ்ட் ஹாமிலும் நான் மிச்சத்திலுமாய் ஒரே நகரத்துக்குள் இருந்துகொண்டு ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் அடித்தால் நீ எடுக்கிறாய் இல்லை. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் நீலச் சரி இரண்டும் விழுகிறது, பதில் மட்டும் விழவில்லை. கடிதத்தை அப்படிப் பாதியில் வெட்ட ஏலாது. உடைத்தால் வாசித்துத்தான் ஆகவேண்டும்.

சென்ட் லூசியாத் தீவுக்கு உன் எழுபதாவது பிறந்தநாளைக் கொண்டாட என்று நாலு பேரும் எவ்வளவு ஆசையாய் வெளிக்கிட்டோம். கடல், கேட்காமலே வந்துகொண்டிருக்கிற சாப்பாடு, ஹோட்டல்காரர் கையில் கட்டிவிட்ட அந்தப் பச்சைப் பட்டி. "இதென்னடி, பிரசவ வார்ட்டிலை பிள்ளைக்குக் கட்டுற மாதிரி" என்று கோதை சிரித்தது நினைவிருக்கா? எல்லாம் நல்லாய்த்தான் இருந்தது, அந்த ஒரு நாள் சுற்றுலாவைத் தவிர. கந்தகச் சேற்றில் குளித்து, பிறகு நீர்வீழ்ச்சி பார்த்து, பிறகு ஒரு கடற்கரையிலும் நின்றுவிட்டுத் திரும்புகிறது என்று சொல்லி இரண்டு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோதையும் சுசிலாவும் முன் வானில், நீயும் நானும் பின் வானில். திரும்பி வந்தபோது உங்கள் மூன்று பேரையும் ஹோட்டலில் இறக்கினார்கள். என்னை நீர்வீழ்ச்சியில் விட்டுவிட்டார்கள்.

அது போகட்டும். நீ ஹோட்டலில் என்ன சொன்னாய் என்பதுதான் என் பிரச்சினை. "பாலா எங்கையோ நடந்து போட்டா" என்று சொல்லியிருக்கிறாய். அதைக் கோதை என் மருமகள் பிரியந்திக்குச் சொல்ல, பிரியந்தி நிர்மலனுக்குச் சொல்ல, இப்போது என் மகன் எனக்கு மறதி வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டான். டொக்டரிடம் கொண்டுபோய் மூளையைச் சோதிக்கப் போகிறானாம்.

அதைவிடப் பெரிசு ஒன்று இருக்கிறது. பேத்தி தக்ஷிகாவைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவருகிற வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பிள்ளை இப்போது பள்ளி முடிந்தும் அங்கேயே ஏதோ கிளப்பில் இருக்குது. அவள் என்னோடு டிராம் பாதையோரம் நடந்து வரும்போதுதான் அன்று படித்த சொல் எல்லாவற்றையும் எனக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லுவாள். வகுப்பிலேயே எழுத்துக் கூட்டுகிறதில் அவள்தான் முதலாம் ஆள், உனக்குத் தெரியும்தானே. நான் பள்ளிக்கூடம் போகாத மிச்சத்தை அந்த டிராம் பாதையில்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

நான் சொன்னால் நிர்மலன் நம்புகிறான் இல்லை. "டொலறஸ் அன்ரி உங்களை அப்பிடி விட்டிட்டு வரமாட்டா, அம்மா. நீங்கள்தான் மறந்திட்டியள்" என்கிறான். நான் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல அவனுக்குச் சந்தேகம் கூடுகிறது.

நீ அவனுக்குப் போன் பண்ணி ஒரு வசனம் சொல்லு. "அம்மா வழி தவறிப் போகவில்லை, நான்தான் முதலில் போய் வானில் ஏறினேன்." அவ்வளவுதான்.

சரி, வாறன்.

உன்
பாலாம்பிகை

*

ஈஸ்ட் ஹாம்
9.3.2025

அன்புள்ள பாலா,

மாதா உனக்குத் துணையிருக்கட்டும். உன் கடிதம் வந்தது. முழங்காலுக்கு ஊசி போட்டார்கள், அதுதான் போன் எடுக்க மனமில்லாமல் கிடந்தேன். குறை நினைக்காதே.

நடந்தது ஒரு சொல்லால் வந்த பிழை. நீ தலையில் ஒட்டின சேற்றை நீர்வீழ்ச்சியில் கழுவிவிட்டு, கல்லில் இருந்து தலை உலர்த்திக்கொண்டு இருந்தாய். நான் "பாலா, நான் வாறன்" என்று சொல்லிவிட்டு வானுக்கு நடந்தேன். நாங்கள் போகும்போதும் அப்படித்தானே சொல்லுகிறது? தப்பித்தவறி "போறன்" என்று சொன்னால், "வாய் கழுவு, வாறன் எண்டு சொல்லு" என்று முதல் ஆளாய் ஏசுகிறவளும் நீதான். நீ எனக்குப் பின்னால் வருவாய் என்று நினைத்தேன். நீயோ நான் திரும்பி வருவேன் என்று நினைத்திருக்கிறாய். இதில் யாரைப் பிழை சொல்லுகிறது?

நிர்மலன் நல்ல பிள்ளை. உன்னில் உள்ள கரிசனையில்தான் செய்கிறான். ஒரு சோதனைதானே, செய்துபோட்டு விடு. பேத்தியைக் கூட்டிவருகிறதும் இந்த வயதில் உனக்கு ஓய்வுதானே.

ஹை ஸ்ட்ரீட்டில் நல்ல கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரப்போகுதாம். வந்தால் உனக்கும் வாங்கி வைக்கிறேன்.

வாறன்.

அன்புடன்
டொலறஸ்

*

மிச்சம்
13.3.2025

டொலறஸ்,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மாம்பழம் வரைக்கும் வந்துவிட்டாய், நான் கேட்ட இடத்துக்கு வரவில்லை.

நீ "வாறன்" என்று சொன்னது போகிறதுக்கு. சரி, ஒப்புக்கொள்ளுகிறேன். நான் அதை வருகிறதுக்கு என்று எடுத்தேன். கழிப்பறைக்குப் போகிறாய், வருவாய் என்று இருந்துவிட்டேன். அங்கே நடந்தது உனக்குத் தெரியாது, சொல்லுகிறேன் கேள்.

தலை உலர்ந்துவிட்டது. நீ வரவில்லை. பாசிமணி மாலையும் இளநீரும் விற்கிற ஒரு மனுசி, என் வயதுதான் இருக்கும், என்னைப் பார்த்துப் பார்த்துவிட்டு வந்து ஏதோ கேட்டாள். நான் "மை பிரெண்ட் கமிங்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். வேறு வான்கள் வந்தன, வேறு சனம் குளித்தது, படம் எடுத்தது, போனது. அவள் திரும்பவும் வந்து பாதையைக் காட்டி, எல்லாரும் போய்விட்டார்கள் என்று கையை விரித்தாள். நான் "நோ, நோ. ஷி செட் கமிங்" என்றேன். மழை பிடித்தது. தன் கடைக் கூரைக்குள் இழுத்துக்கொண்டுபோய் ஸ்டூல் தந்தாள். அப்போதும் நான் "கமிங், கமிங்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு என்னில் பாவமாய் இருந்திருக்க வேண்டும். எனக்கு அவளில் கோபமாய் இருந்தது. என் டொலறஸை இவளுக்கு என்ன தெரியும் என்று.

கடை பூட்டுகிற நேரம் அவள் என் கையைப் பிடித்து அந்தப் பச்சைப் பட்டியில் இருந்த பெயரை வாசித்து ஹோட்டலுக்குப் போன் அடித்தாள். பிறகு அவளுடைய தம்பியின் பிக்கப்பில், வாழைக்குலையோடு வாழைக்குலையாய் வந்து இறங்கினேன். நீ வரவேற்பறையில் நின்று அழுதாய். அந்த அழுகையைப் பார்த்து நான்தான் உன்னைத் தேற்றினேன்.

இப்போது நான் கேட்கிறது இதுதான். வான் வெளிக்கிட முதல், அந்தக் கைடு பொடியன் ஒவ்வொரு சீட்டாய்ப் பார்த்து எல்லாரும் வந்தாச்சோ என்று கேட்கிறவன். காலையில் சேற்றுக் குளத்தடியிலும் கேட்டவன். என் சீட் உனக்குப் பக்கத்தில். வெறும் சீட்டைக் கண்டு அவன் உன்னைக் கேட்காமல் விட்டிருக்கமாட்டான்.

நீ என்ன பதில் சொன்னாய்?

நேற்றுப் பள்ளிக்கூட வாசலுக்குச் சும்மா போய் மதிலோரம் நின்றேன். பிள்ளை கிளப் அறை யன்னலால் என்னைக் கண்டு கை காட்டினாள். பிரியந்தி வந்து, "மாமி, இஞ்சை எப்பிடி வந்தனீங்கள்? ஆரும் கூட்டிக்கொண்டு வந்ததோ?" என்று கேட்டாள். நான் இருக்கிற தெருவில் என்னை அப்படிக் கேட்கிறாள்.

வாறன்.

பாலாம்பிகை

*

ஈஸ்ட் ஹாம்
24.3.2025

பாலா,

கைடு கேட்டான். "உங்கட பிரெண்ட் எங்கை?" என்று கேட்டான். நான், "அவ மற்ற வானில் ஏறிவிட்டா" என்றேன்.

எழுதிவிட்டேன். இனி மிச்சத்தையும் எழுதுகிறேன்.

அன்று காலைச் சாப்பாட்டில் இருந்து நீ சொன்னதை எல்லாம் நினைத்துப் பார். இது என்ன இறைச்சி என்று கேள். மாடு போட்டதோ என்று கேள். சேறு கண்ணுக்குள் போனால் என்ன செய்கிறது என்று கேள். கைடுக்குப் பிள்ளைகள் உண்டோ என்று கேள். என் பேத்தி எழுத்துக் கூட்டுகிறதில் முதலாம் ஆள் என்று அவனுக்குச் சொல்லு. நான் கழுத்தளவு சேற்றுக்குள் நின்று, உன் பேத்தியின் கெட்டித்தனத்தை இங்கிலீஷில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், பாலா. அன்று என் பிறந்தநாள். ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. எல்லாரும் என்னூடாக உன்னோடு கதைத்தார்கள்.

ஹீத்ரோவில் பிளேன் சாப்பாட்டுத் தட்டு அடுக்கின காலம் தொட்டு நான்தான் உன் வாய். சுப்பர்வைசரிடம், கவுன்சிலில், லோயரிடம், நிர்மலன் பிறந்தபோது பிரசவ அறையில். நீ கேட்டாய், நான் செய்தேன், குறை இல்லை. ஆனால் அந்தக் கல்லில் நீ தலை உலர்த்திக்கொண்டு, "உந்தப் பாசிமணி என்ன விலை எண்டு கேளன்" என்று சொன்னபோது என்னால் முடியவில்லை. "வாறன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அடுத்த இடம் வரைக்கும் எனக்கு என் வாய் மட்டும் போதும் என்று இருந்தது. கோதையோடு வருவாய் என்று என்னையே நம்பவைத்தேன். அவள் வானில் இடமிருந்ததோ என்றுகூடப் பார்க்கவில்லை. அடுத்த இடத்தில் நீ இல்லை. சொல்ல வெட்கம். ஹோட்டலில் பயம். அதுதான் நீ நடந்து போய்விட்டாய் என்று சொன்னேன்.

இன்று நிர்மலனுக்குப் போன் பண்ணி எல்லாம் சொல்லிவிட்டேன். அவன் "தாங்ஸ், அன்ரி" என்று மட்டும் சொன்னான்.

எனக்குக் களைப்பாய் இருக்கிறது, பாலா. உன்னில் கோபம் இல்லை.

வாறன்.

டொலறஸ்

*

மிச்சம்
2.4.2025

அன்பான டொலறஸ்,

உன் முழங்கால் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். குளிரில் மீன் கடைக்கு நடக்காதே, யாரையாவது விட்டு வாங்கு.

நீ நிர்மலனுக்குச் சொன்னதுக்கு நன்றி. அவனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, தகப்பனைப் போலத்தான். வேலையால் வந்து, "நாளைக்குப் பிள்ளையை நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ, அம்மா" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான். அடுத்த நாள் வாசலில் போய் நின்றேன். தக்ஷிகா ஓடிவந்து பையைத் தந்தாள். வழியில் அவள் சொன்ன சொல் "வாட்டர்போல்". நான் அவளுக்கு முதலே எழுத்துக் கூட்டிவிட்டேன். எங்கே படித்தாய் என்று கேட்டாள். அந்த நீர்வீழ்ச்சிப் பலகையை நான் எத்தனை தரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

டொக்டரிடமும் போனேன். நேரம் எடுத்தாயிற்று, விடுகிறது சரியில்லை. போக முதல் நிர்மலன், "டொலறஸ் அன்ரியைக் கதைக்கக் கூப்பிடவோ?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். டொக்டர் பிள்ளை கேட்டதுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். விளங்காத இடத்தில் "எகெய்ன், பிளீஸ்" என்றேன். அவள் திரும்பச் சொன்னாள், ஏசவில்லை. என் இங்கிலீஷ் நொண்டுகிறது, ஆனால் நடக்கிறது. இத்தனை வருசம் அதை நடக்கவிடாமல் உன் தோளில் ஏற்றி வைத்திருந்தது நான்தான். மூளைக்கு ஒன்றும் இல்லையாம்.

நீ விட்டுப் போனதை நினைத்து ஒரு கிழமை அழுதேன். பிறகு அது காய்ந்துவிட்டது. மற்றது காயவில்லை. நீ எனக்கு வாய் என்றால் நான் உனக்கு என்ன என்று யோசித்தேன். நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதிகள் என்று நான் எண்ணிக்கொண்டு இருந்த காலம் எல்லாம் நீ வேலை செய்துகொண்டு இருந்திருக்கிறாய், லீவு இல்லாத வேலை. ஒரு நாளாவது, "பாலா, எனக்கு அலுப்பாக் கிடக்கு, நீயே கேளடி" என்று சொல்லியிருக்கலாம். அதைத் தமிழில்தானே சொல்லுகிறது, யாருக்கும் மாற்றிச் சொல்லத் தேவையில்லையே.

கோதை சித்திரைக்கு எல்லாரையும் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். நீ போ. நான் பிள்ளையின் லீவைச் சாட்டி வீட்டில் நின்றுவிடுவேன். மாம்பழம் வாங்கி வைக்காதே, பழுதாய்ப் போகும். கையில் கிடந்த பச்சைப் பட்டியை இன்று கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். இவ்வளவு நாளும் ஏன் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

உனக்கு எழுதின எல்லாக் கடிதத்தையும் நான் ஒரே சொல்லில்தான் முடித்தேன். இப்போதும் கை அதைத்தான் எழுதப் போகிறது, பிடித்து நிறுத்துகிறேன். எழுதினால் நீ வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாய். அப்படி இருக்கிறது என்ன மாதிரி என்று எனக்குத் தெரியும். உன்னை அப்படி இருத்த எனக்கு மனமில்லை.

நீ சுகமாயிரு.

போறன், டொலறஸ்.

பாலாம்பிகை