ஆழம் என்று வாசித்த எண்

மகன் பென்னிக்கு,

உன்னோடு இமயமலை ஏறப் போய்த் தனியாகத் திரும்பிய உதயா நேற்று கப்பலில் வந்தான். அந்த மலையின் மேப்பைச் சாப்பாட்டு மேசையில் விரித்தான். ஐந்து சிகரங்கள், நடுவில் பனியாறு, எங்கும் எண்கள். நீ இருக்கும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டான். ஆழத்தை எண்களில் காட்டும் கடல் சார்ட் மட்டுமே பார்த்துப் பழகிய நான், "இவ்வளவு ஆழமா?" என்று கேட்டுவிட்டேன்.

"அங்கிள், அது ஆழமில்ல. உயரம்" என்றான்.

ஆழமாக இருந்திருந்தால் கயிறு இறக்கியிருப்பேன்.

உன்னைக் கீழே கொண்டுவர இனி யாரும் ஏற மாட்டார்களாம். அந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடிப்பதே கஷ்டமாம். எனக்குக் கோபம் வந்தது. கண்ணுக்குத் தெரியாமல் கடலடியில் கிடக்கும், மீன் கூடும் பாறைத் திட்டான பாரை நாம் கண்டுபிடிக்கவில்லையா? படகிலிருந்து பார்க்கையில் கோயில் சிலுவை சேடில் பீக் மலைக்கு நேராகவும், லைட்ஹவுஸ் தீவு முனைக்கு நேராகவும் வந்தால் நம் தூண்டில் இறங்கும். நீ இருக்கும் இடத்தையும் அதேபோல் சொல்லும்படி உதயாவிடம் கேட்டேன். கிழக்குச் சிகரம் கரும்பாறைக்கு நேர், இரட்டைச் சிகரம் கணவாய்க்கு நேர். பார்களைக் குறிக்கும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பாரைக் கண்டவன் பெயரைத்தானே அதற்கு வைப்போம். அம்மா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்த வரிக்கு மேலே 'பென்னி பார்' என்று எழுதினாள்.

உன் அப்பா