இருபத்தெட்டு சென்டிமீட்டர் குல்லா

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இங்கே சுகம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான், அம்மாவின் முழங்கால் வலி பழைய வலிதான், என் இருமல் நின்றுவிட்டது, ஆனால் மனசுக்குச் சுகமில்லை அம்மாடி. போனில் பேசலாம் என்றால் பின்னால் உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், அதனால்தான் கடிதம். பார்சலில் குல்லாக்களுக்கு அடியில் இதை வைக்கிறேன். மேலே இருக்கும் சிவப்பு மஃப்ளரும் பெரிய குல்லாவும் மாப்பிள்ளைக்கு. அவர் தலைக்கு, குல்லா பின்னுகிற என் பெரிய வட்டத் தறியிலேயே நூல் மாட்டுகிற முளை போதவில்லை என்று சொன்னேன், மூளை அதிகம், அதனால்தான் முளை போதவில்லை என்கிறாள் உன் அம்மா. மாப்பிள்ளையை ஒரு நாளும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

பட்டறையில் ஜன்னல் வேலை குறைவு, அதனால் பகலெல்லாம் பின்னல்தான். அம்மா வாங்கி வந்த பிளாஸ்டிக் பின்னல் வளையத்தில் ஒரு முளை உடைந்ததும், மரத்தில் ஒன்று செதுக்கி வைத்துக் கொடுத்தேன் அல்லவா, அது நிற்கிறதா என்று பார்க்க நூலை இரண்டு சுற்று சுற்றி அடிச்சுற்றைக் கொக்கியால் தூக்கி முளையின் தலையைத் தாண்டிவிட்டேன், அத்தோடு ஆளே மாட்டிக்கொண்டேன். இப்போது எல்லா அளவிலும் மர வளையம் என்னிடம் இருக்கிறது. நீளத் தறியில் மஃப்ளர் அவள் பொறுப்பு, வட்டத் தறியில் குல்லா என் பொறுப்பு, எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் நூலை இழுத்துக்கொண்டிருக்கிறோம். பட்டறைக்கு பாலிஷ் போட வருகிறவன் இருக்கிறானே, அவனுக்கு வாய் சும்மா இருக்காது, "மேஸ்திரி, இனிமே ஜன்னலுக்கும் குல்லா மாட்டித்தான் குடுப்பீங்களா"ன்னு கேட்கிறான். போடா, உன் வாய்க்குத்தான் முதலில் ஒன்று மாட்டணும் என்றேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ என்ன எழுதினாய்? கூட வேலை செய்யும் பெண்ணுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, பிறந்த குழந்தை போடுகிற மாதிரி ஒரு குல்லா வேண்டும், சுற்றளவு முப்பத்தைந்து சென்டிமீட்டர் என்றாய். சரி, யார் பிள்ளையாக இருந்தால் என்ன என்று அதற்கென்றே சின்ன வளையம் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மஞ்சள் நூலில் பின்னியும் முடித்துவிட்டேன். அதற்குள் அடுத்த செய்தி வருகிறது, முப்பத்தைந்து வேண்டாம் அப்பா, இருபத்தெட்டு, நூல் மெத்தென்று இருக்கட்டும், சீக்கிரம் அனுப்புங்கள் என்று. நான் ஆயுசு முழுக்க டேப்பும் கையுமாகத் திரிந்தவன். வீடு கட்டுகிறவர்கள் அளவை மாற்றுவார்கள், ஜன்னல் பெரிசாகும், சிறிசாகும், அது எனக்குப் பழக்கம். ஆனால் பிறக்காத பிள்ளையின் தலையில் யாரம்மா டேப் வைத்து அளந்தது? அந்த இடத்தில் கையிலிருந்த நூலைக் கீழே வைத்துவிட்டேன். அப்புறம்தான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக உறைத்தது. மாதக்கணக்கில் நீ வீடியோவில் கழுத்துக்குக் கீழே காட்டுவதில்லை. இப்போதெல்லாம் உனக்குப் பின்னால் தெரிகிற சுவர் உன் வீட்டுச் சுவர் இல்லை, உன் வீட்டில் அப்படி ஒரு பச்சை கிடையாது. விட்டு விட்டு ஏதோ கூவுகிறதே என்றால் துணி துவைக்கிற மெஷின் என்றாய், எந்த மெஷின் அப்படி மூச்சுக்கு மூச்சு கூப்பிடும்? மாப்பிள்ளை ஏதோ நடையில் நின்று பேசினார், கண் இரண்டும் சிவந்து கிடந்தது, வேலை ஜாஸ்தி மாமா என்றார். முழுப் பூசணிக்காயை அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் எத்தனை நாள் சோற்றில் மறைப்பீர்கள்?

எதிர் வீட்டில் குடியிருக்கிற நர்ஸ் பெண் குழந்தைகள் வார்டில்தான் வேலை பார்க்கிறாள். டியூட்டி முடிந்து வரும்போது கேட்டில் நிறுத்தி, இருபத்தெட்டு சென்டிமீட்டர் தலை எத்தனை வயசுப் பிள்ளைக்கு இருக்கும் என்று பட்டும் படாமலும் கேட்டேன். "வயசா? அண்ணே, அது மாசம் நிறையாம பொறந்த பிள்ளை, கண்ணாடிப் பெட்டியில வச்சிருப்போம். அதுங்களுக்குச் சூடு தலை வழியாவே போயிரும், அதான் குல்லா போட்டுவிடுறது" என்றாள். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். யாருக்கு என்று அவள் கேட்டதற்கு ஒரு ஆர்டர் என்று சமாளித்தேன். பிழைக்குமா என்று கேட்க வாய் வரவில்லை, வீட்டுக்குப் போகுமா என்று கேட்டேன். "போகாம? நேத்துகூட ஒண்ணை அனுப்பிட்டுத்தான் வந்தேன். எடை ஏறணும், தலை வளரணும், வாரா வாரம் டேப் வச்சு அளந்துக்கிட்டே இருப்போம்" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் போகும் என்று அவள் சொல்லவில்லை. அதுவும் என் காதில் விழுந்தது. அன்றைக்கே இருபத்தெட்டுக்கு வளையம் அறுத்துப் பின்னி, உச்சியில் நூலை இழுத்துச் சுருக்கி, மாட்டிப் பார்க்க ஒன்றும் இல்லாமல் என் முஷ்டியில் மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அதைப் பார்த்துப் பட்டறையில் தனியாக உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்.

நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குக் கோபம் இல்லை. போன தடவை கரு தங்காமல் போனபோது சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றிப் போன் பண்ணி உன்னைப் படுத்தினார்கள், உன் அம்மா சாப்பிடாமல் கிடந்தாள், உன்னைத் தேற்ற வேண்டியவளை நீ அங்கிருந்து தேற்ற வேண்டியதாகிவிட்டது. இந்தத் தடவை முழுசாகக் கையில் வாங்கிக்கொண்டு சொல்லலாம் என்று இருந்திருப்பாய். அதனால் அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை, சின்ன வளையத்தை உளிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். ஆனால் நேற்று அவள் குளிக்கப் போயிருந்தபோது அவளுடைய நீளத் தறியைப் பார்த்தேன். கம்பளி இல்லை, மெத்தென்ற பருத்தி நூல், அகலமோ அகலம். மஃப்ளர் ஏன் இவ்வளவு அகலம் என்று அப்புறம் கேட்டால், இந்த வருஷம் அகலமாகப் போடுவதுதான் பழக்கமாம் என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறாள். எந்தக் கழுத்துக்கு அது? ஒரு பிள்ளையைச் சுற்றுகிற போர்வை என்று எனக்குத் தெரியாதா! நானும் ஆமாம், நல்ல அகலம் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அவள் என்னிடம் மறைக்கிறாள், நான் அவளிடம் மறைக்கிறேன், ஒரே வீட்டில் இரண்டு திருடர்கள்.

குல்லா எல்லாம் பருத்தி நூல்தான். முடிச்சு உறுத்தும் என்று நுனிகளை வெளிப்பக்கமே முடிந்திருக்கிறேன், பார்க்க அசிங்கமாக இருந்தால் இருக்கட்டும். வெந்நீரில் அலசி உலர்த்தித் தனிப் பையில் கட்டியிருக்கிறேன், இருந்தாலும் ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டுப் போடு. உனக்கும் பச்சை உடம்பு, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே இருக்காதே, நாற்காலி கேட்டு உட்கார், காலில் சாக்ஸ் இல்லாமல் தரையில் நடக்காதே, பசிக்கவில்லை என்றாலும் சூடாக எதையாவது குடி. மாப்பிள்ளையும் நீயும் மாறி மாறித் தூங்குங்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருந்து யாருக்கு லாபம்? நாங்கள் வர வேண்டும் என்றால் ஒரு வார்த்தை போதும், பட்டறையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவேன், அம்மா இப்போதே பயணப் பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறாள், தூசி என்று சாக்கு.

வாரா வாரம் அளப்பார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள் அல்லவா, அதனால் இருபத்தெட்டோடு நிறுத்தவில்லை. முப்பதுக்கு ஒன்று, முப்பத்திரண்டுக்கு ஒன்று, அந்த மஞ்சள் முப்பத்தைந்து, அதற்கு மேல் ஒரு வயசுப் பிள்ளை வரைக்கும் வளையம் அறுத்து அறுத்துப் பின்னி வரிசையாக அடுக்கியிருக்கிறேன். நான் செய்கிற கதவும் ஜன்னலும் சட்டத்தில் கச்சிதமாக உட்கார வேண்டும் என்றுதான் இத்தனை வருஷமும் வேண்டியிருக்கிறேன். இந்தக் குல்லாக்கள் மட்டும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பத்தாமல் போக வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்க வேண்டும். உனக்குத் தெம்பு வருகிற வரை எதுவும் சொல்ல வேண்டாம், நானும் கேட்க மாட்டேன். ஒரே ஒரு வரி மட்டும் மறக்காமல் எழுது, அப்பா, சின்னக் குல்லா பத்தவில்லை என்று. மீதியை நானே உன் அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் உன் அப்பா