ஒரு அலை, மூன்று அலை

5.8.1985, திங்கள்

காலை ஏழு மணிக்குப் போர்டு எழுதினேன். அலை ஒன்றரை அடி, காற்று தென்மேற்கு, குளிக்கலாம், படகு விடலாம். ஓட்டல் மணலில் என் கொட்டகையின் முன் நிற்கும் அந்தக் கரும்பலகையைப் பார்க்காமல் பத்து பெரிங்கிக் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரனும் கால் நனைக்க மாட்டான். இங்கிலீஷ் தெரியாத படகுக்காரர்களுக்காகக் கீழே சாக்கட்டியில் அலை வரைவது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒரு அலை என்றால் போ. இரண்டு என்றால் யோசி. மூன்று என்றால் வீட்டுக்குப் போய்த் தூங்கு. இதை ஜப்பான்காரன் ஒருவன் போட்டோ எடுத்துக்கொண்டு போனான். இந்நேரம் ஜப்பான் முழுக்க இப்படித்தான் வரைந்துகொண்டிருப்பார்கள்.

பட்டர்வொர்த் விமானத்தளத்து ஆஸ்திரேலியக்காரர்கள் நாலு பேர் பலகையோடு வந்தார்கள். அவர்கள் ஊரில் அலைமேல் நின்றுகொண்டே சவாரி செய்வார்களாம். நம் அலை முழங்காலைத் தாண்டாது. அதற்காக வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவதா? "ஆகஸ்ட் கடைசியில வாங்க, சுமத்ரா பக்கமிருந்து ஆறடி எழும்பும்" என்றேன். உனக்கு எப்படித் தெரியும் என்று அவர்களில் சார்ஜன்டாக இருந்தவன் கேட்டான். முப்பது வருஷம் கப்பலில் இருந்தேன் என்றேன். பொய் இல்லை. பட்டர்வொர்த் ஃபெர்ரியில் கயிறு பிடித்தேன். ஃபெர்ரி என்ன, மாட்டு வண்டியா?

தம்பி வாசு வழக்கம்போல் ஆறேகாலுக்கு வீட்டுக்கு போன் பண்ணினான். ஏர்போர்ட் வானிலை ஆபீசில் கிளார்க்கு. காற்று, அலை, மழை மூன்றையும் தினமும் சொல்லிவிடுவான். சும்மா ஒரு ஒத்தாசை. கடலைப் பார்ப்பது நான்தான். இந்த போன் விஷயம் எங்கள் இருவரையும் தவிர என் மனைவி ருக்குமணிக்கு மட்டும் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்.

9.8.85, வெள்ளி

மழை பதினொன்றுக்கு வரும் என்று எழுதினேன், பதினொன்று ஐந்துக்கு வந்தது. மானேஜர் என் முதுகில் தட்டினார்.

13.8.85, செவ்வாய்

வாசு மகள் ஜெயலெட்சுமியின் கல்யாணக் கார்டு வந்தது. செப்டம்பர் எட்டாம் தேதி. தங்க எழுத்து, நாலு மடிப்பு. நல்வரவை விரும்பும் உறவினர் என்று பதினேழு பேர். மாப்பிள்ளையின் அத்தை புருஷனுடைய தம்பி பேர்கூட இருக்கிறது. பெரியப்பா அர்ஜுனன் பேர் இல்லை.

இரண்டு தரம் வாசித்தேன். ருக்குமணியிடம் கொடுத்தேன். அவளும் தேடினாள். பஸ் பிடித்துப் பாயான் பாருவில் வாசு வீட்டுக்கே போய்விட்டேன்.

"என் பேரு எங்கடா?"

"அண்ணே, உக்காருங்க. எல்லாருக்கும் பேருக்குப் பக்கத்துல உத்தியோகம் போட்டிருக்குல்ல? மாப்பிள்ளை வீட்டுல அப்படித்தான் வேணும்னு கேட்டாங்க. உங்களுக்கு என்னன்னு போடுறது? பந்தாய் போய்னா?"

பந்தாய் போய். கடற்கரைப் பையன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

"கேப்டன்னு போடு" என்றேன்.

சிரித்துவிட்டான். அவன் கார்டை விட்டுவிடலாம், அந்தச் சிரிப்பை விட முடியாது. நான் நாலாம் வகுப்போடு நின்று கயிறு பிடித்ததால்தான் அவன் பேனா பிடித்தான். கொடுத்த காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

14.8.85, புதன்

ஆறேகாலுக்கு போன் அடித்தது. எடுக்கவில்லை. வானத்தைப் பார்த்தேன். மேற்கே இரண்டு மேகம், பஞ்சு மாதிரி. ஒரு அடி, காற்று லேசு, ஒரு அலை. சாயந்தரம் வரை கடல் குளம்போல் கிடந்தது. இவ்வளவுதானே! இதற்கா ஒரு ஆபீசு, அதற்கு ஏர்கண்டிஷன், அதற்குள்ளே ஒரு கிளார்க்கு?

19.8.85, திங்கள்

ஆறு நாள், ஆறும் சரி. சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் தூறியது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

படகுக்கார முகம்மது சுல்தான் டீ வாங்கிக்கொண்டு வந்தான். விருந்தாளிகளைக் குரங்குக் கடற்கரைக்கு ஏற்றிப் போய் வருகிறவன். சொந்தப் படகு, நீலச் சாயம் அடித்துப் புதுசாக வைத்திருக்கிறான். படிப்பு வாசனை கிடையாது.

"மத்த படகுக்காரனுங்க வானத்தப் பாக்குறானுங்கண்ணே. நான் உங்க போர்டத்தான் பாக்குறது. அப்புறம்தான் எஞ்சின் கயித்த இழுப்பேன்."

"வானம் பொய் சொல்லும் சுல்தான். என் போர்டு சொல்லாது."

"அதான்லா நானும் பொண்டாட்டிக்கிட்ட சொன்னேன்."

என் தம்பிக்கு இதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை.

22.8.85, வியாழன்

போன் இன்றைக்கும் அடித்தது. ருக்குமணி சொல்கிறாள், "அவரே இறங்கி வர்றாரு, எடுத்தா என்ன?" கார்டில் இறங்கி வரட்டும்.

25.8.85, ஞாயிறு

காலை. ஆறேகாலுக்கு ஒரு தரம் அடித்தது. ஆறு இருபதுக்கு ஒரு தரம். ஆறரைக்கு மறுபடியும் — இந்தத் தரம் ரொம்ப நேரம். அடிக்கட்டும். மன்னிப்புக் கேட்கிற அவசரம்போல.

கடல் கண்ணாடி. ஒரு அடி. படகுக்கு நல்ல நாள். ஒரு அலை, அழகாக, நுரையோடு வரைந்தேன்.

26.8.85, திங்கள்

எழுதிவிட வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

நேற்று ஏழரைக்குச் சுல்தான் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போனான். கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான். ஒன்பது மணிக்கு மேற்கே கறுத்தது. மேகம் என்று சொல்ல முடியாது. சுவர். கடலில் பிறந்து வளர்ந்தவன் மாதிரி பேசுகிற எனக்கு, அது சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று அடிக்கும் சூறைக்காற்று என்று புரியவே ஐந்து நிமிஷம் ஆனது. புரிந்தபோது நிழற்குடைகள் பறந்துகொண்டிருந்தன. தூரத்துக் கடல்முனையைச் சுற்றிச் சுல்தானின் படகு திரும்பி வருவது தெரிந்தது. நீலம் தெரியும், மறையும், தெரியும்.

கரைக்கு வர முடியாமல் பாறைப் பக்கம் ஒதுங்கினான். தான் முதலில் குதித்து, படகு மோதாமல் இருக்கக் கையை ஊன்றிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவராக ஏற்றிவிட்டான். ஆறு பேரும் ஏறிவிட்டார்கள். அப்புறம் ஒரு அலை படகைத் தூக்கிப் போட்டது. படகுக்கும் பாறைக்கும் நடுவில் அவன் வலது கை.

எல்லாரும் பாறைப் பக்கம் ஓடினார்கள். நான் போர்டுக்கு ஓடினேன்.

ஆமாம். போர்டுக்குத்தான் ஓடினேன். எழுத்தை அழித்து, படகு கூடாது என்று மாற்றி எழுதினேன். ஒரு அலைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரைந்தேன். கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை — ஏன்டா நடுங்கல? செங்கொடியையும் ஏற்றினேன். அதற்கப்புறம்தான் பாறைக்குப் போனேன். கொட்டகைக் கூரைக்கு அடியில் இருந்ததால் போர்டில் மழை படவில்லை. மழையே அழித்திருந்தால் நான் கை வைக்க வேண்டியிருந்திருக்காது.

மானேஜர் வந்து பார்த்தார். மூன்று அலை. செங்கொடி. "நீ எச்சரிச்சும் அவன் போயிருக்கானா?" என்று கேட்டார்.

 ஆமாம் என்று என் தலை ஆடியது.

28.8.85, புதன்

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். எஞ்சின் கயிறு இழுக்கிற கை. படகு பலகை பலகையாக ஒதுங்கிவிட்டது.

என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க மூணு போட்டிருந்தீங்களாமே. எனக்கு ஒண்ணுதான் தெரிஞ்சிச்சு. கண்ணு போச்சு போலலா."

அவன் மனைவி ஹபீபா பீவி பக்கத்தில் நின்றாள். "நானும் சொல்றேன் அண்ணே, இந்த மனுசன் எதையும் நின்னு பாக்க மாட்டாரு. ஓட்டல்காரங்க கேட்டப்பக்கூட, அண்ணன் போர்டு தப்பா இருக்காது, நான்தான் சரியாப் பாக்கலைன்னு இவரே சொல்லிட்டாரு."

கொண்டுபோன ஆரஞ்சுகளை வைத்துவிட்டு வந்தேன்.

29.8.85, வியாழன்

வாசு வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"மூணு தரம் அடிச்சேன்" என்றான். "ராத்திரியே ரிப்போர்ட் வந்திருச்சு. ஒம்பது மணிக்குள்ள அடிக்கும், படகு வேண்டாம்னு சொல்லத்தான்."

"ஓட்டல் ஆபீசுக்கு அடிச்சிருக்கலாம்ல?"

"அடிச்சிருக்கலாம். கையில நம்பர்கூட எடுத்துட்டேன். அடிச்சா, போர்டுல இருக்குறது நான் சொல்லிச் சொல்லி எழுதுனதுன்னு தெரிஞ்சிடும். எங்கண்ணன் பேரு போயிடும். அதான் வச்சுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கார்டுல பேரு போடாம விட்டேன். அந்தப் பேரையாவது காப்பாத்துவோம்னு நெனச்சேண்ணே."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன்.

8.9.85, ஞாயிறு

கல்யாணம். போனேன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், "ஆறு வெள்ளைக்காரங்க உயிரக் காப்பாத்தின அர்ஜுனன் நீங்கதானா?" என்று கேட்டார். கதை எப்படியெல்லாமோ நடந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. வாய் தானாகத் திறந்துகொண்டது. அலை பத்தடி என்றேன். கொடியோடு ஓடினேன், கத்தினேன் என்றேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால், சாம்பார் வாளியோடு வாசு எதிரே நிற்கிறான். என் இலையில் ஊற்றிவிட்டு நகர்ந்தான்.

பாயாசம் வரும்வரை உட்கார முடியவில்லை.

11.9.85, புதன்

ஓட்டல் எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தது, கண்ணாடிச் சட்டம் போட்டு. கடமை உணர்வு என்று எழுதியிருக்கிறதாம். எச்சரிக்கையை மீறியதற்காகச் சுல்தானின் படகு லைசென்ஸ் ரத்து. இரண்டு கடிதமும் ஒரே மிஷினில் அடித்தது. ருக்குமணி எங்கே மாட்டுவது என்று கேட்டாள். அலமாரிக்குப் பின்னால் வை என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. வாசு சொல்லியிருப்பான்.

17.9.85, செவ்வாய்

காலையில் சுல்தான் வந்தான். கையில் கட்டு. போர்டுக்கு முன்னால் போய் நின்றான். கிட்டே நின்று பார்த்தான். பத்தடி பின்னால் போய்ப் பார்த்தான். இன்னும் பின்னால், தண்ணீர் ஓரம்வரை போய்ப் பார்த்தான்.

"இன்னிக்கு ரெண்டுதானேண்ணே?"

"ரெண்டுதான்."

"எனக்கும் ரெண்டுதான் தெரியுது. சூலியா தெருவுல கண்ணாடிக்கடையில போய்ப் பரிசோதிச்சேன். கண்ணு நல்லாத்தான் இருக்குங்கிறான். வேற கடையிலயும் கேட்டேன், அவனும் அதான் சொல்றான். அன்னிக்கு மட்டும் எப்படிண்ணே? மூளையில ஏதும் கோளாறா? ஹபீபா பெரிய டாக்டரப் பாக்கணும்னு அழுவுது."

மூன்று வாரமாக அவன் தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறான். இப்போது மூளையை. என் போர்டை ஒரு தரம்கூட இல்லை.

"ஒண்ணுதான் சுல்தான்" என்றேன். "ஒண்ணுதான் போட்டிருந்தேன். மத்த ரெண்டும் அப்புறம் வரைஞ்சது."

விளங்கவில்லை அவனுக்கு. எல்லாவற்றையும் சொன்னேன். போன், தம்பி, கார்டு. சொல்லும்போது எனக்கே கேவலமாக இருந்தது, ஒரு கல்யாணக் கார்டு! கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

"எத்தனை தரம் அடிச்சிச்சு?"

"மூணு."

கட்டுப் போட்ட கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அண்ணே என்று சொல்லவில்லை.

18.9.85, புதன்

மானேஜரிடம் சொன்னேன். சுல்தானுக்குக் கொடுத்த கடிதத்தை மாற்றி எழுத வேண்டும் என்றேன். எழுதுவதாகச் சொன்னார். பாராட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார், சட்டத்தோடு. கொட்டகைச் சாவியையும் கேட்டார்.

4.11.85, திங்கள்

பாயான் பாருவில் வேலை, பேக்டரி வாசலில் ஜாகா, அதாவது காவலாளி. வாசுதான் சொல்லி வாங்கிக் கொடுத்தான். இங்கிருந்து கடல் தெரியாது. சுல்தானுக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டது, படகுதான் இல்லை. மச்சினன் கடையில் உட்கார்ந்திருக்கிறானாம். போன வாரம் அந்தப் பக்கம் போனேன். நான் கடையைத் தாண்டும்வரை பெட்டிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

இன்று ஷிப்டுக்கு வந்த ஒரு பெண் வானத்தைக் காட்டி, "அங்கிள், மழை வருமா? துணியெல்லாம் வெளியில காயப்போட்டுட்டு வந்துட்டேன்" என்று கேட்டாள்.

நானும் நிமிர்ந்து பார்த்தேன். தெற்கே கொஞ்சம் மேகம் இருந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.